நாற்பதில் நிற்கும் கால்

பிப்ரவரி 12, திங்கள்

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் ஒர்க்‌ஷாப் டைரி எழுத வைத்தார்கள். படிப்பு முடிந்தும் பழக்கம் விடவில்லை. வந்த வண்டி, குறை, காரணம், செய்த வேலை. இதில் அவ்வளவுதான் இருக்கும். கதை எழுத எனக்கு நேரம் கிடையாது.

இன்று வந்தது பள்ளிக்கூட வேன். பெட்ரோல். ஏழு வருஷ வண்டி. ஓடும்போது திடீரென்று வெட்டி வெட்டி இழுக்கிறது, சில நேரம் அணைந்தே போகிறது என்று புகார். போன வெள்ளிக்கிழமை ஆலமரத்து ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே, பதினோரு பிள்ளைகளோடு நின்றுவிட்டதாம். கேட்கீப்பர் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். ரயிலுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. இருந்தாலும் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பள்ளிக்கூடத்தையே கலக்கிவிட்டார்கள்.

வேன் ஓட்டுவது பொன்மாரி அக்கா, வாங்கிய நாளிலிருந்தே. நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை. பேச ஆரம்பித்தால் முதலிலிருந்து சொல்கிற ரகம்.

"தம்பி, மொதல்ல பொங்கலுக்கு மறுநாளு லேசா ஒரு வெட்டு வெட்டுச்சு. நான் பெட்ரோல்ல தண்ணி கெடக்கும்னு நெனைச்சேன். பெறவு..."

"அக்கா, நீங்க சாவியக் குடுங்க. வண்டியே சொல்லும்" என்றேன்.

ஸ்கேனர் மாட்டினேன். பழுது எண் ஒன்றுகூட இல்லை. பெட்ரோல் அழுத்தம் சரி. பிளக் சரி. காயில் சரி. த்ராட்டில் சென்சாரையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: மூடியிருக்கும்போது 0.5 வோல்ட், முழுதாகத் திறந்தால் 4.4. புத்தகத்தில் உள்ள கணக்குக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. பிறகு நானே எடுத்து ஓட்டினேன். பன்னிரண்டு கிலோமீட்டர், பதினோரு நிமிஷம். ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. குதிரை மாதிரி போகிறது.

காரணம்: வண்டியில் இல்லை. ஓட்டுகிறவரிடம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பள்ளியின் வாகனப் பொறுப்பாளர் பரமார்த்தலிங்கம் சார் வந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா. "வாய்ல சொல்றது வேண்டாம், எழுத்துல வேணும்" என்றார்.

எழுத்தில் கொடுத்தேன். "வாகனத்தில் எந்தக் குறையும் இல்லை. ஓட்டுநர் கிளட்சையும் ஆக்ஸிலேட்டரையும் கையாளும் முறையே காரணம்." கீழே பெயர், டிப்ளமோ, கையெழுத்து, ஞானம் ஆட்டோ ஒர்க்ஸ் முத்திரை.

முதலாளி ஞானதிரவியம் அண்ணாச்சி வாசித்துப் பார்த்துவிட்டு, "ஏல தொர, ஒன் எழுத்து டாக்டர் எழுத்து மாதிரி இல்லாம வெளங்குதுல" என்றார். அண்ணாச்சி கார்பரேட்டர் காலத்து ஆள். சென்சார் என்றால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்தப் பள்ளிக்கூடத்து நாலு வண்டியும் நம்மிடம்தான் வருகின்றன. அது போய்விடக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை.

மாலையில் பரமார்த்தலிங்கம் சார் என் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாராம். அண்ணாச்சி காட்டினார். நாற்பத்தெட்டுப் பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். கையெழுத்து நன்றாகவே விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 15, வியாழன்

பொன்மாரி அக்காவை நிறுத்திவிட்டார்கள். புது டிரைவர் பெயர் வேலாயுதம். இருபத்தாறு வயது. பெட்ரோல் போட வந்தவன் இங்கே எட்டிப் பார்த்தான்.

"வண்டி எப்படி இருக்கு?"

"பறக்குது மாப்ள. இதுக்குப் போயா அந்த அக்கா இம்புட்டு அழுதுச்சு?"

சொன்னேன் அல்லவா.

பிப்ரவரி 16, வெள்ளி

இரண்டு பிரேக் வேலை, ஒரு ஆயில் மாற்றம். வீட்டில் குக்கர் ரப்பர் போய்விட்டது என்று அம்மா மூன்று நாளாகச் சொல்கிறாள். வாங்க வேண்டும்.

பிப்ரவரி 19, திங்கள்

பத்தரை மணிக்குப் பொன்மாரி அக்கா நடந்தே வந்தார். காக்கிச் சட்டை இல்லாமல் பார்த்தபோது சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஒரு இன்னோவாவின் அடியில் படுத்திருந்தேன். காலை மட்டும் பார்த்து, "யாரு?" என்றேன்.

"ஓட்டத் தெரியாதவ வந்திருக்கேன்."

வெளியே வந்தேன். வேறு வழி?

"தம்பி, ஒண்ணு கேக்கணும். எங்கிட்ட என்னைக்காவது, எப்பம்லாம் இழுக்குதுன்னு கேட்டியளா?"

"ஸ்கேனர்ல எல்லாமே தெரியும்கா."

"ஸ்கேனரு பிள்ளையள ஏத்திக்கிட்டு போச்சா? நான் சொல்லுதேன், கேளுங்க. ஏத்தத்துல இழுக்காது. வேகமா மிதிச்சா இழுக்காது. சும்மா நின்னாலும் ஒண்ணுஞ்செய்யாது. நாப்பதுல போவேன் பாத்துக்கிடுங்க, கால அசைக்காம, அப்பிடியே ஒரே சீரா. அப்பந்தான் எவனோ பின்னாலேந்து சட்டையப் பிடிச்சு இழுத்தாப்புல இருக்கும். கேட்டுக்குள்ளயும் அப்பிடித்தான். லேசா மிதிச்சுக்கிட்டு உள்ள எறங்குனேன். செத்துப்போச்சு."

நாற்பதில் இழுத்தால் அறுபதிலும் இழுக்க வேண்டும், ஒரு எஞ்சினுக்கு நாற்பது ஆகாது, அறுபது ஆகும் என்று கிடையாது என்றேன். அப்படித்தான் விளக்கினேன். புரியும்படித்தான் சொன்னேன்.

"நீங்க எப்படி ஓட்டிப் பாத்திய?"

"பன்னெண்டு கிலோமீட்டர்."

"அது இல்ல. எப்படி ஓட்டுனியன்னு கேட்டேன். நீங்க வண்டிய எடுத்துட்டுப் போனதப் பாத்தேன். கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டவன் மாதிரில்லா போனிய?"

அண்ணாச்சி அந்தப் பக்கம் சிரித்துவிட்டார். எனக்கு வேலை இருந்தது. மறுபடி வண்டியின் அடியில் போய்விட்டேன்.

போகும்போது அவர் அண்ணாச்சியிடம் சொன்னது காதில் விழுந்தது. ஆர்டிஓ ஆபீஸுக்குக் கடிதம் எழுதப் போகிறார்களாம், பேட்ஜை ரத்து செய்யச் சொல்லி. பேட்ஜ் போனால் பள்ளி வண்டி மட்டுமில்லை, வாடகை வண்டி எதுவும் ஓட்ட முடியாது. என் ரிப்போர்ட்டையும் கூட வைத்து அனுப்புவார்களாம்.

அது பள்ளிக்கூடத்தின் முடிவு. நான் எழுதியது வண்டியைப் பற்றி.

பிப்ரவரி 21, புதன்

அம்மா பீடிக்கடையிலிருந்து வந்ததும் இலையை நனைத்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்த வேன்காரி பொன்மாரி இருக்கால்லா, இன்னைக்கு எல வாங்க வந்துருந்தா. பதினஞ்சு வருசத்துக்குப் பொறவு பீடி சுத்தத் தட்டு எடுக்காளாம். வெரல் மடங்க மாட்டேங்கு, ஆயிரம் சுத்த ரெண்டு நாள் ஆவுதுங்கா. எவனோ மெக்கானிக்கு ஒருத்தன் எழுதிக் குடுத்துட்டானாம்."

குழம்பில் உப்பு குறைவு.

பிப்ரவரி 23, வெள்ளி

வேலாயுதம் ஓட்ட ஆரம்பித்து ஒன்பது நாள். ஒரு இழுப்பு இல்லை, ஒரு நிறுத்தம் இல்லை. அதே வண்டி. அதே பாதை. அதே பெட்ரோல் பங்க். மாறியது ஆள் மட்டும்தான். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

கேட்டு வைத்துக்கொண்டேன்: எவ்வளவு வேகத்தில் போகிறான் என்று. "அறுபதுக்குக் கொறஞ்சா எனக்குத் தூக்கம் வந்துரும் மாப்ள" என்றான்.

இதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

குக்கர் ரப்பர் வாங்கினேன். அளவு தப்பு.

பிப்ரவரி 27, செவ்வாய்

நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பிரேக் கிறீச்சிடுகிறது என்று வேனை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முன் பேட் மாற்றினேன். ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் ரோட்டில் திரும்பினால், முன்னால் வைக்கோல் டிராக்டர். அறுப்புக் காலம். டிரெய்லருக்கு இரண்டு பக்கமும் நாலு முழம் பிதுங்க ஏற்றி, ரோட்டையே மூடிக்கொண்டு ஒரு வீடு நகர்வது போலப் போகிறது. ஹாரன் அடித்தேன். ஓட்டுகிறவனுக்குப் பாட்டுச் சத்தத்தில் கேட்கவே இல்லை. வலது பக்கம் எட்டிப் பார்த்தால் எதிரே பஸ். இடது பக்கம் வாய்க்கால்.

ஆகவே பின்னாலேயே போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். டாப் கியர், முள் நாற்பதில். அவன் வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. காலை அசைக்கவே வேலை இல்லாமல் வைத்த இடத்தில் வைத்திருந்தேன். வைக்கோல் கண்ணாடியில் வந்து வந்து விழுந்தது.

இரண்டாவது கிலோமீட்டரில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

அப்படித்தான் இருந்தது. வேறு மாதிரி எழுத வரவில்லை.

ஒரு வெட்டு. விட்டது. மறுபடி வெட்டு வெட்டு வெட்டு. டிராக்டர்காரன் ஒரு பள்ளத்துக்காக மெதுவாக்க, நானும் கிளட்சை மிதித்து கியரைக் குறைத்து, லேசாக ஆக்ஸிலேட்டரைத் தொட்டேன். அணைந்துவிட்டது. நடுரோட்டில். பின்னால் பைக்கில் வந்தவன், "ஓட்டத் தெரியலன்னா எறங்கி நடவே!" என்று கத்திக்கொண்டு போனான்.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. மறைப்பானேன், பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அதற்கப்புறம் இந்த வண்டி தண்டவாளத்தில் நின்ற காட்சி வந்தது. வேலாயுதமும் என்றைக்காவது ஒரு நாள் ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால் மாட்டுவான். அந்த வைக்கோல் வண்டி கேட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கலாம்.

பட்டறைக்கு ஓட்டி வந்ததும் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். வேலாயுதம் வந்து கேட்டபோது, "வண்டி கிடையாது" என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 28, புதன்

காலை ஆறரைக்கே பட்டறையைத் திறந்தேன்.

இந்த வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு தகடு திறக்கும். எவ்வளவு திறந்தது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்கு அதன் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். உள்ளே ஒரு கரிப் பாதை, அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு முள். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழ் மாதிரிதான். மூன்று ஒயர்: ஒன்றில் ஐந்து வோல்ட் வரும், ஒன்று எர்த், நடு ஒயரில் பதில் போகும்.

அன்றைக்கும் இதைத்தான் மீட்டரில் பார்த்தேன். மூடி வைத்து ஒரு தடவை, முழுக்கத் திறந்து ஒரு தடவை. இரண்டு முனையையும் பார்த்தேன். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

இன்று அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து இரண்டு குண்டூசி கொண்டுபோனேன். நடு ஒயரின் பின்னால் ஒன்றையும் எர்த் ஒயரில் மற்றதையும் செருகி மீட்டரை மாட்டி, சாவியை மட்டும் போட்டுவிட்டு, தகட்டைக் கையால் திருப்பினேன். மெதுவாக. இவ்வளவு மெதுவாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

0.5. 0.6. 0.7. 0.8. 0.9. 1.0.

0.5.

1.1.

பின்னால் வந்தேன். 1.1. 0.5. 1.0. மறுபடி முன்னால். அதே இடம். ஒரு மயிரிழை அகலம்தான். படக்கென்று திருப்பினால் மீட்டருக்குக் கண்ணே தெரியாது, தாண்டிப் போய்விடும். என்னை மாதிரி மிதிக்கிறவனுக்கும் வேலாயுதம் மாதிரி மிதிக்கிறவனுக்கும் அந்த இடம் இருப்பதே தெரியாது. அதன் மேலேயே காலை வைத்திருக்கிறவருக்குத்தான் தெரியும்.

ஸ்கேனரில் ஏன் வரவில்லை என்பதும் விளங்கியது. ஒயர் அறுந்து பூஜ்யம் ஆகியிருந்தால் கம்ப்யூட்டர் பழுது என்று பதிந்திருக்கும். இது 0.5-க்குத்தான் இறங்குகிறது. 0.5 என்பது நியாயமான எண். 'டிரைவர் காலை எடுத்துவிட்டார்' என்று அர்த்தம். எனவே கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டிவிடும். அக்கா காலை எடுக்கவே இல்லை. எடுத்தார் என்று அதுவாக முடிவு செய்துகொண்டது. பழுது எண் ஒன்றும் இல்லை, டிரைவர் செய்கிற வேலை என்று.

நானும் அதையேதான் எழுதிக் கொடுத்தேன். முத்திரை வேறு வைத்து.

சென்சாரைக் கழற்றி மூடியைப் பெயர்த்தேன். கரிப் பாதை முழுக்க மினுமினுவென்று இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்து அடித்தட்டு தெரிகிறது. ஏழு வருஷம். காலையும் மாலையும். நாற்பது. இம்மி கூடவில்லை, இம்மி குறையவில்லை. கண்டபடி ஓட்டுகிறவர் காலில் இப்படி ஒரே இடம் தேயவே தேயாது.

புது சென்சாருக்குத் திருநெல்வேலிக்குச் சொன்னேன். மத்தியான பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். நாலு மணிக்குக் கண்டக்டரிடம் வாங்கி மாட்டி, மீட்டரை வைத்து ஒவ்வொரு பத்தில் ஒரு பங்காக ஏற்றி இறக்கி மூன்று தடவை பார்த்தேன். ஒரு இடத்திலும் விழவில்லை. பிறகு அம்பாசமுத்திரம் வரை போய் வந்தேன். நாற்பதில். வைக்கோல் வண்டி இல்லாமலே.

பிப்ரவரி 29, வியாழன்

அண்ணாச்சியிடம் சொன்னேன். பழைய சென்சாரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"சரில. மாத்தியாச்சுல்லா? சோலி முடிஞ்சுது. சாருட்ட, சென்சாரு இப்பம் புதுசா போயிட்டு, மாத்தியாச்சுன்னு சொல்லு."

"இப்பம் போகல அண்ணாச்சி. நான் பாக்கும்போதே போயிருந்துச்சு."

"அது ஒனக்கும் எனக்கும் தெரியும். அந்தச் சென்சாருக்கா வாய் இருக்கு?"

"அக்காவுக்கு பேட்ஜ் போயிரும். திங்கக்கெழம கடிதாசி போகுது."

"ஏல, எழுதுனத எழுதல்லன்னு சொன்னா நாளைக்கு ஒன் எழுத்த எவம்ல நம்புவான்? நாலு வண்டியும் வேற பட்டறைக்குப் போயிரும். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளை இருக்கு."

"அந்தக்காவுக்கும் பிள்ளை இருக்கும்லா?"

"இருக்கு. ஒரு பய. பன்னெண்டாங்கிளாஸு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

வண்டி சரியாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு போனால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அண்ணாச்சி சொல்வதில் எங்கே தப்பு என்று தேடிப் பார்த்தேன். முனைகள் இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன: அன்றைக்கு வண்டி வந்தது, இன்றைக்கு வண்டி சரியானது. நடுவில்தான் ஒருத்தர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நாளை பள்ளிக்கூடம் போகிறேன். அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். "ஒன் இஷ்டம். முத்திரையத் தொடாத" என்றார்.

மார்ச் 1, வெள்ளி

பரமார்த்தலிங்கம் சாரின் மேஜையில் நான்கு பொருளைப் பரப்பினேன்: பழைய சென்சார் (மூடியை மறுபடி ஒட்டியிருந்தேன்), ஐந்து வோல்ட் தருகிற ஒரு சின்ன மின்சாரப் பெட்டி, மீட்டர், என் புதுக் கடிதம். ஆர்டிஓவுக்குப் போக வேண்டிய உறை ஏற்கெனவே அங்கே இருந்தது. தபால்தலை ஒட்டியாகிவிட்டது.

"என்னப்பா இது, சயன்ஸ் எக்ஸிபிஷனா?"

"சார், இந்தச் சென்சார நீங்களே திருப்புங்க. வேகமா."

திருப்பினார். எண்கள் சர்ரென்று ஏறின. "நல்லாத்தான இருக்கு?"

"நானும் அப்படித்தான் சொன்னேன். இப்பம் மெதுவா."

திருப்பினார். ஒன்று வந்ததும் எண் 0.5-க்கு விழுந்தது. இன்னொரு தடவை திருப்பினார். விழுந்தது. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, தானாகவே ஏழெட்டுத் தடவை திருப்பினார். பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி.

"அப்போ, கேட்ல நின்னது?"

"இதுதான் சார்."

"அப்போ நீ எழுதிக் கொடுத்தது?"

"தப்பு சார்."

கடிதத்தை எடுத்து வாசித்தார். "13.02 தேதியிட்ட என் அறிக்கை தவறானது. குறை வாகனத்தில் இருந்தது. நான் முழுமையாகச் சோதிக்கவில்லை. ஓட்டுநர் மீது தவறு இல்லை." முத்திரை இல்லை. கையெழுத்து மட்டும்.

"வண்டிய ஒங்ககிட்ட நம்பி விட்டோம்" என்றார்.

"ஆமா சார்."

"பிள்ளைங்க உள்ள இருந்திருக்காங்க."

"ஆமா சார்."

மூன்று பேனாவில் ஒன்றை எடுத்துத் திறந்து மூடினார். பிறகு அந்த உறையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். தபால்தலையை மட்டும் கத்தரித்து டிராயரில் போட்டுக்கொண்டார். "திங்கள்கெழமலேந்து அந்தம்மாவ வரச் சொல்லு. போன்ல கூப்பிட்டா எடுக்க மாட்டேங்காங்க. நீயே போய்ச் சொல்லு. நீதானே எழுதுன."

நாலு வண்டியும் இங்கேயே வருமா, வராதா என்று கேட்டேன். "மொதல்ல மத்த மூணையும் இதே மாதிரி மெதுவா திருப்பிப் பாத்துட்டுச் சொல்லு" என்றார்.

மார்ச் 2, சனி

பொன்மாரி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல் நிழலில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த பீடி ஒவ்வொன்றும் ஒரு அளவில் இருந்தது. அம்மா பார்த்தால் சிரிப்பாள்.

எல்லாம் சொன்னேன். வோல்ட், கரிப் பாதை, தேய்மானம், கம்ப்யூட்டர் எப்படித் தப்பாக நினைத்தது என்பது வரை. அவர் ஒரு பீடியைச் சுற்றி, நூல் கட்டி, தலையை மடித்து முடித்தார்.

"முடிச்சிட்டியளா?"

"ம்."

"என் காலு இருந்த எடத்துலதான் தேஞ்சிருக்கு?"

"ஆமாக்கா."

"எங்க, காட்டுங்க."

கொடுத்தேன். வெயிலில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பித் தரவில்லை. தட்டில் நூல்கண்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம வாங்கக்கா. சாரு சொல்லிட்டாரு. கடிதமும் எழுதிக் குடுத்துட்டேன்."

"பேப்பர்ல எழுதுனத பேப்பர்ல அழிச்சிட்டிய. சரி. பதினோரு வீட்டு வாசல்ல என்னைய என்ன பேசுனாவன்னு தெரியுமா? பால் சொசைட்டி முக்குல ஒருத்தரு, 'பொம்பளைட்ட வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்'னு பிள்ளைய முன்னாலயே சொன்னாரு. அத எந்தப் பேப்பர்ல அழிப்பிய?"

வாட்ஸ்அப்பில் போடச் சொல்கிறேன் என்றேன்.

"போடுங்க. அதுவும் வேணும். ஆனா நான் வண்டி எடுக்கணும்னா, நீங்க எம்பக்கத்து சீட்டுல உக்காந்து வரணும். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் எறங்கி, ஒங்க வாயால சொல்லணும்."

"பதினோரு நிறுத்தத்துலயுமா?"

"ஏன், நேரமாயிருமா?"

குக்கர் ரப்பரை மாற்றி வாங்கினேன். சரியாக உட்கார்ந்தது. அம்மாவிடமும் சொன்னேன், அந்த மெக்கானிக் யார் என்று. "எனக்கு அன்னைக்கே தெரியும். நீ உப்பு கொறச்சல்னு சொல்லும்போதே தெரியும். உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

மார்ச் 4, திங்கள்

ஏழு மணிக்கு வண்டி எடுத்தோம். காக்கிச் சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

முதல் நிறுத்தத்தில் இறங்கி அந்தப் பையனின் அம்மாவிடம், "த்ராட்டில் பொசிஷன் சென்சாரில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தேய்மானம் இருந்ததால், கம்ப்யூட்டருக்குத் தவறான வோல்டேஜ் போய்..." என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா பையனின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், ஏதோ இன்சூரன்ஸ் விற்க வந்தவனைப் போல.

ஏறினதும் அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சுருக்கமா சொல்லுங்க தம்பி. அடுத்த நிறுத்தத்துல பிள்ளைய வெயில்ல நிக்குது."

மூன்றாவது நிறுத்தத்தில், "வண்டியில பழுது இருந்துச்சு, நான் சரியா பாக்கல" என்று ஆகியிருந்தது. ஆறாவதில், "தப்பு அக்கா மேல இல்ல, என் மேல." எட்டாவதில் ஒரு பெரிய பிள்ளை, நாலாம் வகுப்பு இருக்கும், உள்ளே ஏறி மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஜன்னலிலிருந்து தன் அப்பாவிடம் கத்தியது: "யப்பா, தப்பு இந்த அண்ணன் மேலயாம்!" உள்ளே எல்லாம் ஒரே சிரிப்பு. அதன்பின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எனக்கு முன்னால் அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நானும் இறங்கிச் சொன்னேன். அக்கா கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாவது நிறுத்தம் பால் சொசைட்டி முக்கு. பனியனோடு ஒருவர், தோளில் பிள்ளையின் பை. நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பொன்மாரி அக்காவைப் பார்த்தார், பார்க்காமலும் இருந்தார். பிறகு கோபத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அத அன்னைக்கே கொஞ்சம் நின்னு நிதானமா பாத்திருக்கலாம்லாவே?"

"பாத்திருக்கலாம்."

அவர் பையை உள்ளே கொடுக்கும்போது, "என்னம்மா, பாத்துப் போ" என்றார் அக்காவிடம். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசிப் பிள்ளையும் ஏறிய பிறகு ஆலமரத்து கேட். திறந்திருந்தது. அக்கா நிறுத்தினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கேட்கீப்பர் வெளியே வந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார். பதினோரு பிள்ளைகளும் சத்தத்தை நிறுத்திவிட்டன. முதல் கியரில் லேசாக மிதித்து இறங்கினார். ஒரு தண்டவாளம். இரண்டாவது. எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வெட்டு இல்லை. அந்தப் பக்கம் ஏறி, இரண்டு, மூன்று, நாலு. முள் நாற்பதுக்கு வந்து நின்றது. பிறகு அசையவே இல்லை.

ரோடு காலி. எதிரே ஒரு வண்டி இல்லை. முன்னால் வைக்கோலும் இல்லை. மணி எட்டு பத்து.

அக்கா என் காலைப் பார்த்தார். வலது கால், தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது.

"அங்கன பெடல் கெடையாது தம்பி" என்றார்.